என் மகளின் மத்துரித்தா

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஓ.எல். வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கிற ஆளும் இல்லை. கதைக்கத் தெரிந்தவர்கள் நடந்ததை வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறபடியால்தான் எழுதவேண்டி வந்தது.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நாலைந்து சொல்தான் கதைப்பாள். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவாள். அவளுக்கென்று இத்தாலி அரசாங்கம் தருகிற உதவிக்காசைத் தபால் கந்தோரில் அவள் பெயரிலேயே போட்டு வந்தோம். கதைக்கப் பழக்குகிற லோகொபெதிஸ்தாவிடம் அவளை ஒழுங்காக அனுப்பவேண்டும் என்பது என் எண்ணம். அரசாங்க இடத்தில் வரிசை நகரவில்லை. தனியாரிடம் போகக் காசு வேண்டும். ஆனால் பிள்ளையின் காசை நீதிபதியின் அனுமதி இல்லாமல் பெற்றவர்களாலும் எடுக்க முடியாது.

இந்த நேரத்தில் மகள் பெரியபிள்ளையானாள். உடனே எல்லாருக்கும் அந்தக் காசின் ஞாபகம் வந்தது.

என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், இங்கே அல்பெர்கேரியாப் பகுதியில் எங்களுக்கு மேல் மாடியில் இருக்கிறா. மகளை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொள்ளக் கேட்டால் அவவுக்கு முதுகு நோகும். பெரியபிள்ளையானதைக் கொண்டாடுகிற சாமத்தியவீடு என்றதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. மொண்டெல்லோவில் மண்டபமாம், கடற்கரையில் குதிரை வண்டியாம், மேலேயிருந்து படம் பிடிக்க ட்ரோனாம்.

“பிள்ளைக்குச் சத்தம் ஒத்துவராது, மச்சாள்.”

“காதுக்குப் பஞ்சு வைப்பம். பூவும் சடைநாகமும் வைச்சால் ஆருக்குத் தெரியப்போகுது? இவளுக்குக் கலியாணவீடு நடக்குமோ என்னவோ. இதையெண்டாலும் வடிவாச் செய்வம்.”

அக்கா கதைக்கும்போது என் கணவருக்கு எப்போதும் சுவரில் ஏதாவது பார்க்க இருக்கும். அன்றும் இருந்தது.

“நீதிபதி விடமாட்டார்” என்றேன்.

“அதை என்னட்டை விடும். எனக்குப் பாசை தெரியும்.”

மச்சாளுக்கு இத்தாலி மொழி நன்றாக வரும் என்பது மச்சாளின் அபிப்பிராயம்.

நீதிமன்றக் கந்தோருக்கு மகளையும் கூட்டிக்கொண்டு நானும் கணவரும் மச்சாளும் போனோம். அங்கே இருந்த உத்தியோகத்தர் அம்மா, இங்கே மரியாதைக்குச் சிஞோரா என்போம், எதற்குக் காசு என்று கேட்டா. மச்சாள் தொண்டையைச் செருமினா. பெரியபிள்ளையாவதை முதிர்ச்சி என்று நினைத்து, அதற்கு இத்தாலி மொழியில் ஒரு சொல்லும் கண்டுபிடித்துவிட்டா.

“மத்துரித்தா, சிஞோரா. இவளின்ரை மத்துரித்தா.”

மத்துரித்தா என்றால் இங்கே பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனை, எங்களுடைய ஏ.எல். மாதிரி. நான் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை அதை எழுதியபோது அந்த வீடே நுனிக்காலில் நடந்தது.

சிஞோரா மகளின் பிறந்த ஆண்டைப் பார்த்தா. பிறகு மகளைப் பார்த்தா. மகள் கதிரையின் சில்லைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

“பன்னிரண்டு வயதிலா?”

“ஓம், சிஞோரா. எங்கடை பிள்ளையளுக்குக் கொஞ்சம் வெள்ளனவே வரும்.”

“எந்தப் பள்ளிக்கூடம்?”

“பள்ளிக்கூடத்திலை இல்லை. வீட்டிலைதான்.”

சிஞோரா எழுந்து மகளின் கையைப் பிடித்துக் குலுக்கினா. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு சோதனைக்குக் காசு எதற்கு என்று அடுத்துக் கேட்டா.

“மண்டபம், சாப்பாடு, குதிரை வண்டி.”

சிஞோரா பேனையைக் கீழே வைத்தா. என் சிரிப்பும் அதோடு நின்றது. பிள்ளையின் காசில் கூத்தடிக்க வந்தவர்கள் என்று எங்களை நினைத்துவிட்டால், கதைக்கப் பழக்குவதற்கும் பிறகு எந்த முகத்தோடு வந்து கேட்பது?

“லோகொபெதிஸ்தா” என்றேன். எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். “சோதனை இல்லை. அது கொண்டாட்டம். அதுக்குக் காசு வேண்டாம். பிள்ளை கதைக்கப் பழகத்தான் வேணும்.”

கொண்டாட்டத்துக்கு நீதிபதி ஒருநாளும் விடமாட்டார், இதற்குக் கேட்கலாம், மருத்துவரின் கடிதத்தோடு வாருங்கள் என்றா சிஞோரா.

படியிறங்கும்போது மச்சாள் பிடித்துக்கொண்டா.

“நீர் ஏன் வாயைத் திறந்தனீர்?”

மத்துரித்தா என்றால் என்ன என்று சொன்னேன். மச்சாள் இரண்டு படி யோசித்தா.

“அப்ப சோதினை எண்டே விட்டிருக்கலாமே. பாஸ் எண்டு சொல்லி எடுத்திருப்பம்.”

அடுத்த நாள் என் கணவர் மொண்டெல்லோவுக்குப் போய் மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் கடிதத்துக்காக மருத்துவரிடம் போனேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.