கட்டுத்தரையில் ஒரு நாச்சிமுத்து

பேத்தி போனில் இங்கிலீஷ் இலக்கணம் படிக்கிறாள். பையன், ராமு, அவன், இந்த மூன்றையும் விரலால் இழுத்து அந்தந்தப் பெட்டிக்குள் போட வேண்டுமாம். சரியாகப் போட்டால் போனே கைதட்டுகிறது. எங்களுக்கு யார் தட்டினார்கள்? காதைத் திருகினார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பாடம் என்றாலே எனக்கு ஊறவைத்த பருத்திக்கொட்டை வாசம்தான் வரும். எழுபதுகளில், மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதியில் எங்கள் கட்டுத்தரையில் ஒரு செவலைக் காளைக்கன்று நின்றது. கன்று என்றால் காமன் நௌன், எந்தக் கன்றுக்கும் பொருந்தும். பேர் வைத்துவிட்டால் ப்ராப்பர் நௌன், அந்த ஒன்றுக்குத்தான் என்றார் மலையாளத்து டீச்சர். அன்றைக்கென்று பார்த்து, வியாழக்கிழமை அதைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டிப்போவதாக அப்பா சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பேரில்லாததால்தானே விற்கிறார்கள்?

வைத்தேன் ஒரு பேர். சாதாரணப் பேரா? முந்தின வருஷம் காலமான எங்கள் அப்பாருடைய பேர், அதாவது அப்பாவைப் பெற்றவருடையது: நாச்சிமுத்து. வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தப் பேரைச் சொல்லிக் கன்றைக் கொஞ்சினேன்.

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் பெற்றவர் பேரைச் சொல்லி எப்படித் திட்டுவது? அம்மா பாடு அதைவிடத் திண்டாட்டம். எங்கள் பக்கம் மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. இனி கன்று என்று சொல்லவும் அவளுக்குக் கூச்சம். அவுங்களுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்க ஆரம்பித்தாள். ப்ரனௌன்! டீச்சர் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்.

வியாழக்கிழமை விடிந்ததும் அப்பா கயிற்றை அவிழ்த்தார். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங்க, அவுங்களையா சந்தைக்கு ஓட்டீட்டுப் போறீங்க?"

 அப்பா கயிற்றைத் திரும்பவும் முளையில் கட்டினார்.

"இருந்துட்டுப் போவட்டும்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

நாச்சிமுத்து ஏர் இழுத்து, கிழடாகி, எங்கள் தோப்பிலேயே செத்தது. கட்டுத்தரை இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. என் மகள் தன் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நாச்சிமுத்து யாரென்று தெரியுமா என்று பேத்தியைக் கேட்டுப்பார்த்தேன்.

"உங்க மாடுதானுங்க, அம்மிச்சி?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அப்படியொரு மனுஷர் இருந்தார் என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.