ஆஸ்பத்திரிக்குப் போன மகள்

அண்ணன் இறந்தது எண்பதுகளின் நடுவில், ஒரு மழைநாள் விடியற்காலை, கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரியில். காலையிலேயே தோட்டத்து லோரியில் உடலை அசாம் ஜாவா பக்கம் இருந்த எங்கள் தொழிலாளர் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அவருடைய மூத்த மகள் மட்டும் இல்லை. செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருந்தாள்.

"பிள்ளைக்கு உண்மையச் சொல்லிறாதீங்க," என்றார் அண்ணி. "தனியா பஸ்ல வருது. வழியில ஏதாச்சும் ஆயிடப் போவுது."

எங்களிடம் அதுதான் வழக்கம். தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவைச் சாவென்று சொல்ல மாட்டோம். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் மண்டோர் கடைக்குப் போய்ப் போன் செய்துவிட்டு வந்தார். "அப்பா ஆஸ்பத்திரியில ரொம்ப முடியாம இருக்காரு, உடனே வரணும்னு சொல்லிட்டேன்," என்றார். எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.

உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதும் அதே லோரிதான்; மூன்று மணிக்கு அது செம்பனைக் குலை ஏற்றப் போக வேண்டும். பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. மகள் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதென்றால் வாசலிலேயே பார்த்தாக வேண்டும்.

காத்திருந்த ஆண்கள் அண்ணனைப் பற்றியே பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் குழாயடியில் உட்கார்ந்து வீட்டுத் துணி முழுவதையும் துவைப்பார். "உங்க வீட்டுல யாருய்யா ஆம்பள?" என்று கேலி செய்வார்கள். "துணிக்கு அது தெரியாதுலா. அழுக்குப் போனா போதும்," என்பார். மகள் வேலைக்குக் கிளம்பிய அன்று வழியனுப்பப் போனவர், தானும் பஸ்ஸில் ஏறி, செரண்டாவுக்கு முந்திய ரவாங் வரை போய்த்தான் திரும்பினார். கேட்டால், "டிரைவர் எப்படி ஓட்டுறான்னு பாத்தேன்," என்றார்.

இரண்டு மணி தாண்டியது. மகளைக் காணோம். பெரியவர் ஒருவர் எழுந்து, "தூக்கிறலாம்பா, மழை வேற வருது," என்றார். அண்ணி அண்ணனின் கால்களைக் கட்டிக்கொண்டார்.

"எம்பிள்ள வரட்டும். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவன் இல்லை. மண்டோரின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"அண்ணே, ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க. பிள்ள நேரா அங்கல்ல போயிருக்கும்?"

அவர் ஓடிப்போய் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

உடலை ஏற்றச் சொல்லி டிரைவர் லோரியை முடுக்கினார். நான் போய் வண்டியின் முன்னால் நின்றேன்.

"நவுருலா! எனக்கு வேல போயிடும்."

 நான் நகரவில்லை.

மூன்று மணிக்கு மேல்தான் மோட்டார் சைக்கிள் வந்தது. தொழிற்சாலைச் சட்டையோடு பின்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். உடலைப் பார்த்ததும் அவள் அலறுவாள் என்று நினைத்தோம். அவள் அழவே இல்லை.

"கட்டிலு கட்டிலாத் தேடுனேன் சித்தப்பா," என்றாள் என்னைப் பார்த்து. "கடைசியில ஒரு நர்சு சொல்றாங்க, காலையிலயே கொண்டு போயிட்டாங்கன்னு. யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"வழியில பயந்துடுவியேன்னுதான்மா..." என்று அண்ணி தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதார்.

பிள்ளை அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நேரமாகிவிட்டது என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.