தங்கப் பட்டையும் கடல் தெரியாத அறையும்

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டேன். ஓசூரில் மூன்று ஃபேக்டரிகளில் கான்ட்ராக்ட் லேபராக இருந்து, எதிலும் நிலைக்காமல், சொகுசுக் கப்பலில் கேபின் கிளீனிங் வேலைக்குப் போனேன். காற்றில்லாத அடித்தள அறையில் நான்கு பேர் படுத்தோம். அது பழகிவிட்டது. பயணிகள்தான் கடைசிவரை பழகவில்லை.

அந்தக் கப்பலில் அறைச் சாவி அட்டையை எல்லோரும் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். சாதாரண அறைக்கு நீலப் பட்டை, உயர் வகுப்புக்குத் தங்க நிறப் பட்டை.

ஒரு பயணத்தில் ஓசூர் முதலாளி ஒருவர் மனைவியோடு ஏறினார். அந்த அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. மேல்தளக் கூட்டத்தில் நிற்க முடியாது. படுத்தபடியே கடல் பார்க்கத்தான் வந்திருந்தார். நீலப் பட்டை அறைதான், ஆனால் கட்டிலை ஒட்டிப் பெரிய ஜன்னல்.

"தம்பி சூளகிரியா? நம்ம பக்கந்தான். பாரேன், தண்ணி எங்க முடியுதுன்னே தெரியல" என்று சிரித்தார்.

அன்று மாலையே முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, மேல தங்கப் பட்ட போட்டுக்கிட்டு ஒருத்தன் சுத்துறானே, என் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்றவன். என் கேட்ல விசிட்டர் டேக் மாட்டிக்கிட்டு நிக்கிறவன். என் கழுத்தப் பாத்துட்டு, 'சார், நீங்க கீழயா?'ங்கறான்!"

"கடல் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்."

"உன்ன கடலப் பத்தியா கேட்டேன்? தங்கப் பட்ட ரூமுக்கு மாத்த வழி பாரு."

விசாரித்தேன். உயர் வகுப்பில் ஒரே அறைதான் காலி. ஜன்னலை மறைத்துக்கொண்டு உயிர்காப்புப் படகு தொங்கும். அதைச் சொன்னேன். "பட்ட தங்கந்தானே?" என்றார். பெட்டிகளை நானே தூக்கிப் போனேன். அந்த அம்மா திரையை விலக்கினார். ஆரஞ்சு நிறப் படகின் வயிறு. மறுபடி மூடிவிட்டார்.

மறுநாள் காலியான பழைய அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து அந்த அம்மா வந்தார்.

"கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன் தம்பி."

சூப்பர்வைசர் பார்த்தால் என் வேலை போகும். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன்.

தேடிக்கொண்டு முதலாளி வந்தார். வாசலைத் தாண்டவில்லை.

"எந்திரிச்சு வா. யாராச்சும் பாத்தா, நாம இன்னும் கீழதான் இருக்கறோம்னு நெனப்பாங்க."

அம்மா தன் பட்டையைக் கழற்றி, திரும்பாமலே பின்னால் நீட்டினார். "இதையும் சேத்து மாட்டிக்கோங்க. நான் அப்புறம் வர்றேன்."

அதை நான் வாங்கி முதலாளியிடம் கொடுத்தேன். அவர் வாசலிலேயே நின்றார். அங்கிருந்தும் கடல் தெரியும். அவரோ நடைபாதையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சூளகிரியில் ஒரு ஃபேக்டரியில் ஹவுஸ்கீப்பிங். எனக்கு மஞ்சள் டேக், பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். கலரைப் பார்த்துக் குமுறும் புதியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வேலை முடிந்து கேட்டைத் தாண்டியதும் கழற்றிப் பையில் போடு. அந்த மனிதர் நடுக்கடலிலும் கழற்றவில்லை.