வெள்ளைக் கோவேறு கழுதை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நட்டமில்லை. போன பிப்ரவரியில், பட்டப்பகலில், பதினான்கு பேர் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு நடந்தது இது.

நான் ஃபுல்வியா. மொந்தேல்வா அரண்மனையில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயணிகளுக்கு வழிகாட்டி. இந்த ஊரை ஆண்ட அர்தெங்கி பிரபுக்களின் கலைத்தொண்டைப் பற்றிப் பேசுவதுதான் என் வேலை. கலைத்தொண்டாம். ஊரை உறிஞ்சிவிட்டு, நல்ல ஓவியர்களாகப் பார்த்துக் கூப்பிட்டு, குழந்தை ஏசுவின் பக்கத்திலேயே தங்கள் மூஞ்சிகளை வரையச் சொன்ன கும்பல். பிரபு ஆஸ்தோரே அந்தச் சுவரோவியத்தில் மண்டியிட்டிருக்கும் பவிசைப் பார்த்தால், அவனைக் கேட்டுத்தான் மாதாவே பிள்ளை பெற்றாள் என்று தோன்றும்.

ஓவியத்தில் அவன் வீட்டார் எல்லோருக்கும் இடம் உண்டு, நாய்க்குக்கூட. மனைவி இப்போலிதாவுக்கு மட்டும் இல்லை. அவள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புத் திரை வரையப்பட்டிருக்கிறது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நானே ஒரு கதை கட்டினேன். அவள் குதிரைக்காரனோடு ஓடிப்போனாள். அதுவும் குதிரையில் இல்லை, ஒரு வெள்ளைக் கோவேறு கழுதையில். கழுதை வந்ததும் கூட்டம் தவறாமல் சிரிக்கும்.

காவலர் துல்லியோவுக்கு மட்டும் அது பிடிக்காது.

"அந்தக் கதைய விட்டுடு, ஃபுல்வியா. நீ அத சொல்ற நாள்லலாம் அந்தத் திரை வேர்க்குது."

"பரவால்ல, பிரபு வீட்டு மானத்தக் காப்பாத்த நீ ஒருத்தனாவது இருக்கியே."

அன்று வெளியே பனிமூட்டம். 3.30க்குச் சுற்று தொடங்கியது. என் கையில் மைக். அவர்களுக்கு ஆளுக்கொரு காதுக்கருவி. 4.12க்குத் திரைக்கு முன்னால் நின்றோம். கழுதையைச் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை.

பெர்கமோவிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை காதைத் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்ககூடவே பேசறது யாருங்க?"

"நான் மட்டுந்தாங்க பேசறேன்."

"இல்ல... இன்னொரு அம்மா. நீங்க எது சொன்னாலும் இல்ல, இல்லங்கறாங்க."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். வேறு குழுவின் பேச்சு கலந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அன்று வேறு குழுவே இல்லை. மைக்கை அணைத்தேன். ஆசிரியையின் கருவியை வாங்கி என் காதில் வைத்தேன்.

ர்ர்ர்...

மூச்சு. காற்றில்லாத இடத்தில் இழுத்து விடும் மூச்சு.

"கழுதை இல்ல..."

டொக். டொக். டொக்.

அது கருவியில் வந்த சத்தம் இல்லை. சுவரில்.

திரையில், வாய் உயரத்தில், ஓர் ஈரத் திட்டு. பார்க்கப் பார்க்கப் பெரிதானது...

"நான் எங்கயும் போகல."

4.15. எல்லோரும் முற்றத்துக்கு ஓடி வந்துவிட்டோம். முதலில் ஓடியது நான்தான்.

அக்டோபரில் ஈரத்தின் காரணத்தைத் தேடி, பின்பக்கத்து அறையிலிருந்து அந்தச் சுவரைத் திறந்தார்கள். நடுவில் ஒரு மாடம். ஓர் ஆள் நிற்கலாம், உட்கார முடியாது. அடியில் எலும்புகள். ஓவியம் இருக்கும் பக்கத்துச் சுண்ணாம்பில், உள்ளேயிருந்து கீறிய நகத் தடங்கள்.

அதைப் பற்றி ஏதாவது எழுதிவைத்திருக்கிறார்களா என்று பிரபுவின் கடிதக் கட்டுகளைத் தேடினார்கள். முத்திரைகூட உடையாத ஒரு கட்டுக்குள், அவன் ஓவியருக்கு எழுதிய கடிதத்தின் நகல் கிடைத்தது. துல்லியோதான் கொண்டுவந்து காட்டினான்.

'வாசல் இருந்த இடத்தில் சிவப்புத் திரை வரை. யாராவது கேட்டால், என் மனைவி குதிரைக்காரனோடு ஓடிவிட்டாள் என்று சொல். வெள்ளைக் கோவேறு கழுதையில் போனாள் என்றும் சேர்த்துக்கொள். சிரித்துவிட்டால் யாரும் தேடமாட்டார்கள்.'

அந்தப் பிரபுவை அவ்வளவு இளக்காரமாகப் பேசிய நான், பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் சொல்லிக்கொடுத்த பொய்யைத்தான் ஒரு சொல் மாறாமல் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. நான் முதன்முதலாக அந்தக் கதையைக் கட்டிய நாளில், கழுதையை என் காதில் ஓதியது யார் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.