எலும்பில் பட்ட புதுக் கத்தி

வானகரம் வீட்டில் இன்று கறி கழுவும்போது கையில் ஒட்டிய வாசனையில், சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்ட எங்கள் கரையான்சாவடிக் கறிக்கடை நினைவுக்கு வந்தது. ஈரச் சாக்கும், புளியமரக் கட்டையில் விடியலிலிருந்து கேட்கும் வெட்டுச் சத்தமுமாக இருக்கும் அந்தக் கடையில், லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அத்தாவின் கத்தி எலும்பில் எத்தனை அடித்தாலும் உடையாது. ஆனால் சீக்கிரம் மழுங்கிவிடும். தீட்டித் தீட்டி அலுத்துப்போய், கூர் போகாத கெட்டியான புதுக் கத்தி ஒன்று வாங்கினார்.

ஒரு கல்யாணக் கறி வெட்டும்போது, தொடையெலும்பில் பட்டு அந்தப் புதுக் கத்தியின் விளிம்பு நகத்துண்டு அளவுக்குத் தெறித்தது. அம்மாவும் நானும் அவரோடு சேர்ந்து கறியைத் துண்டு துண்டாகத் துழாவினோம். தெறித்த துண்டு கிடைக்கவில்லை.

"பரவால்ல பாய், குடுங்க. நேரமாவுது" என்றார் கல்யாண வீட்டுக்காரர்.

"எந்தக் கொயந்த தொண்டையிலனா மாட்டிக்கினா இன்னா பண்றது?" என்று அத்தா அத்தனை கறியையும் ஒதுக்கினார். வேறு ஆடுகள் அறுத்து, பழைய கத்தியாலேயே மாலைவரை வெட்டிக் கொடுத்தார்.

அன்றிரவு, வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துபோய், அவரால் சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அம்மா ஊட்டினாள். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார்.