மூன்று மணி அரபு வகுப்பு

நேற்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் ஒரு பெண். காதில் ஹெட்போன், பாதி மூடிய கண். உதடு மட்டும் "மாய்... மாய்..." என்று முணுமுணுத்தது. ஏதோ ஜெபம் என்று நினைத்தேன். கவனித்தால் அரபு. மாய் என்றால் தண்ணீர். போன் சொல்லச் சொல்ல, தூக்கக் கலக்கத்தில் அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்தத் தூக்கத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அத்தா வளைகுடாவில் ஒரு கடையில் வேலை பார்த்ததால் என் பள்ளிக்காலம் அங்கேதான் போனது. ஊர் திரும்பியபின் அந்தப் பேச்சு அரபுதான் எனக்கு முதல் வேலையை வாங்கிக்கொடுத்தது. ஓர் ஏஜென்சி வழியாக வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு மொழி சொல்லித்தர வேண்டும். ஒரு துணிக்கடையின் மாடி, சிமென்ட் ஷீட் கூரை, மதியம் மூன்று மணி. கீழேயிருந்து புதுத்துணியின் கஞ்சி வாசனை ஏறி வரும். விடியலில் எழுந்து சமைத்து, கழனியில் களை எடுத்து, பஸ் பிடித்து வந்தவர்கள் உட்கார்ந்தவுடன் சாய்வார்கள். டீச்சர் என்றால் அதட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. டெஸ்க்கைத் தட்டித் தட்டி என் கைதான் சிவந்தது.

களமருதூரிலிருந்து வந்த மேரிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "அதட்டுனா தூக்கம் போவாது டீச்சர். வூடு மாரி நடிச்சிப் பாக்கலாமா?" என்றாள். என் துப்பட்டாவை வாங்கித் தலையில் சுற்றிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, எஜமானியாகவே ஆகிவிட்டாள்.

"ஏய் மலரு, இன்னா பாத்துக்கினு நிக்கிற? தஆலீ! மாய் ஜீபீ!"

வா, தண்ணீர் கொண்டா என்று அர்த்தம். மலர் கல்வராயன் மலையிலிருந்து வருகிறவள். அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள். பதறி ஓடிப்போய் என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிவந்தாள். வகுப்பு குலுங்கியது. கீழே கடைக்காரர் மேலே எட்டிப்பார்த்தார். அன்றிலிருந்து யாரும் தூங்கவில்லை.

ஒருநாள் மேரியே கேட்டாள்: "ஒடம்பு முடிலன்னா இன்னா சொல்லணும் டீச்சர்?"

பாடத்தில் அது இல்லை. சமையல், துடைப்பம், குழந்தை, ஆமாம் என்று இவ்வளவுதான் இருந்தது. "அனா தஅபானா" என்று சொல்லிக்கொடுத்தேன். மலர் முனகிக்கொண்டே அதைச் சொல்ல, எஜமானி மேரி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அய்யோ, சுடுதே. நீ போய்ப் படுடி, நான் கழுவிக்கிறேன்" என்றாள், சுத்தத் தமிழில். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இரண்டு பேரும் போனார்கள், வேறு வேறு வீடுகளுக்கு. மேரி தினமும் தன் பிள்ளைகளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். கடைசியில் ஒரு அரபு வார்த்தை வரும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து தெருவெல்லாம் சொல்லித் திரியுமாம்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெட்டியில் வந்தாள். காய்ச்சல் என்றார்கள்.

களமருதூர் கல்லறையில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், அவள் புருஷன் அந்தோணி என்னிடம் வந்தார். போனை நீட்டினார். கடைசி நாட்களில் வந்த மெசேஜ்கள். நாளுக்கு நாள் பேச்சு குறைந்து, குறைந்து, முடிவில் ஒரே அரபு வார்த்தை மட்டும்.

"இதுக்கு இன்னா அர்த்தம் டீச்சர்?"

மறைக்க எனக்குத் தெம்பில்லை. உடம்பு முடியவில்லை என்று அர்த்தம், என்றேன்.

அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பசங்க இத்த சொல்லித்தான் வெளையாடிக்கினு இருந்தாங்க" என்றார். "நானும் சிரிச்சேன்."

வகுப்பு அத்தோடு நின்றது. என்னால் முடியவில்லை, ஏஜென்சியும் வேறு ஆளைத் தேடவில்லை. மலர் ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். மேரியின் கடைசி மெசேஜைச் சொன்னேன். "நானும் ஒரு நாள் அதே வார்த்தையைத்தாங்க சொன்னேன். நான் வேல பாத்த வூட்டுல டாக்டருகிட்ட கூட்டினு போனாங்க" என்றாள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டாள்.

அந்த மாடி இப்போது கடைக்குக் குடோன். பெண்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், நேற்றைய ஆட்டோப் பெண் மாதிரி போனில் தனித்தனியாகப் படித்துவிட்டு. புறப்படுவதற்கு முன்னால் ஒருத்தி நெற்றியை ஒருத்தி தொட்டுப் பார்க்க ஓர் இடம் இல்லை.