ரெண்டாம் வருசத்துக்குப் பேர் பதிய அம்மா வந்த நாள்

எங்க காலேஜ்ல ஒரு ஏற்பாடு இருந்துச்சு. மொதல் வருசம் பாசாயிட்டோம்னு ரெண்டாம் வருச கிளாசுல போய் சும்மா குந்திட முடியாது. பேர் பதியற நாள்னு ஒண்ணு வெப்பாங்க. அன்னிக்கு வூட்லேர்ந்து பெரியவங்க யாராவது கூட வரணும். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு டியூட்டர் சாரு உண்டு. அவரு முன்னாடி குந்தி, பொண்ணு எப்டி படிக்கிறா, எதுல வீக்கு, எந்த ஆஸ்பத்திரியில பயிற்சிக்குப் போடலாம்னு பேசி முடிச்சு, அவரு கையெழுத்து போட்டாதான் செல்லும். சாயங்காலம் ஆபீஸ் ஜன்னல் மூடறதுக்குள்ள கையெழுத்து வரலைன்னா அந்த எடம் வேற ஆளுக்குப் பூடும். வெளிய காத்துகினு இருக்கறவங்க நெறைய பேரு.

பார்மசி டிப்ளமான்னு பேரு. எங்க ராயபுரத்துல அதுக்கு கம்பவுண்டர் படிப்புன்னுதான் சொல்லுவாங்க. காசிமேட்டுப் பக்கம் எறா கம்பெனிங்க புதுசு புதுசா மொளைச்ச காலம் அது. எங்க தெருவுல வயசுக்கு வந்த பொண்ணுங்க பாதிப் பேரு விடியறதுக்குள்ள எறா உரிக்கிற ஷெட்டுக்குப் பூடுவாங்க. ஐஸ் தண்ணியில கைய வெச்சி வெச்சி விரலெல்லாம் வெளுத்து, நகக்கண்ணு புண்ணாயி, சோத்துல கைய வெச்சா எரியும். அம்மாவோட கை அப்டித்தான் இருக்கும். எடம் போச்சுன்னா எனக்கும் அந்த ஷெட்டுதான். வேற இன்னா இருக்கு? மறுபடி படிக்க வைக்க வூட்ல யாருக்கும் தெம்பு கெடையாது. அதனால அந்தக் கையெழுத்து எனக்கு வெறும் கையெழுத்து இல்ல, உசுரு.

நைனா துறைமுகத்துல மூட்டை எறக்கற ஆளு. கப்பல் வந்து நின்னுடுச்சுன்னா அவருக்குப் பொண்ணும் கெடையாது, பொஞ்சாதியும் கெடையாது. அன்னிக்குன்னு பாத்து கப்பல் வந்து நின்னுச்சு. அப்ப அம்மாதான் வரணும். மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டும் கட்டற பச்சைப் புடவைய எடுத்துக் கட்டிகினா. தலைக்கு சீயக்கா போட்டுக் குளிச்சா, அப்டியும் எறா வாசம் போவல. பஸ்ல நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுகினேன். "யம்மா, சாரு கேட்டா மட்டும் பேசு. கேக்காததைப் பேசாத."

"நான் இன்னா பேசத் தெரியாதவளா?"ன்னா. 

வராந்தாவுல எங்களுக்கு முன்னாடி இருந்தவங்கல்லாம் ஷூ போட்ட அப்பாங்க. உள்ள போனாங்க, ரெண்டு வார்த்த பேசினாங்க, சிரிச்சிகினே வெளிய வந்தாங்க. அம்மா ஒவ்வொருத்தரையும் கண் கொட்டாம பாத்துகினே இருந்தா. எங்க முறை வந்துச்சு.

டியூட்டர் சாரு கெடுபிடியான மனுசன். கெட்டவரு இல்ல, அதையும் சொல்லிடணும். அம்மாவ உக்காரச் சொன்னாரு. என் மார்க்கையெல்லாம் பாத்துட்டு, "கெமிஸ்ட்ரி பரவாயில்ல. மருந்து கலக்கற பிராக்டிகல்லதான் பயப்படுறா. கை இன்னும் பழகல. கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு"ன்னாரு. சொல்லிட்டுப் பேனா மூடியத் தொறந்தாரு. கையெழுத்து போடத்தான். இன்னும் ஒரு நிமிசம் அம்மா சும்மா இருந்திருந்தா நாங்களும் சிரிச்சிகினே வெளிய வந்திருப்போம்.

"இன்னா சார் இப்டி சொல்லிட்ட?"ன்னு அம்மா நாற்காலிய வுட்டு எந்திரிச்சிட்டா. "கை பழகலையா? இவளுக்கா? எங்க தெருவுக்கே இவதான் சார் மருந்து குடுக்கறா. காய்ச்சலு, இருமலு, வயித்துப்போக்கு, எதுன்னாலும் இவ கலக்கிக் குடுத்தா ஒரே வேளையில நிக்கும். எங்காளுங்க டாக்டராண்ட போறதே இல்ல!"

அய்யோ மாதாவே!  அத்தனையும் பொய். சுத்தப் பொய். நான் எங்க தெருவுல யாருக்கும் ஒரு மாத்திரை குடுத்தது கெடையாது.

சாரு பேனாவ மூடிட்டாரு. "என்ன மருந்து குடுப்பா?"ன்னு கேட்டாரு.

"அல்லா மருந்தும்தான் சார்."

"சார், அதெல்லாம் இல்ல சார். அம்மா சும்மா சொல்றாங்க"ன்னேன். 

"அப்ப உங்க அம்மா பொய் சொல்றாங்களா?"

இந்தக் கேள்விக்கு ஒரு பொண்ணு இன்னா பதில் சொல்லுவா, சொல்லுங்க? நான் சொன்னேன். "ஆமா சார். பொய்."

அம்மா என்னைத் திரும்பிப் பாத்தா. நான் பயந்து ஒளறுறேன், காரியத்தக் கெடுக்கறேன்னு நெனைச்சிட்டா. என்னை நல்லா பின்னாடி தள்ளிவுட்டு முன்னாடி வந்து நின்னா. "கூச்சப்படறா சார். நல்லா வேல தெரிஞ்ச பொண்ணு. ஊசிகூட போடுவா!"

அவ்ளோதான். முடிஞ்சிச்சு. படிச்சு முடிச்சு, பார்மசி கவுன்சில்ல பதிவு பண்ணினவங்களே டாக்டர் சீட்டு இல்லாம மருந்து குடுக்கக் கூடாது, மொதல் வருசப் பொண்ணு தெருவுக்கே மருந்து குடுத்து ஊசியும் போடுதா, ஏதாவது ஒரு கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்புன்னு சாரு கேட்டாரு. சத்தமே போடல. சத்தம் போட்டிருந்தாகூட தேவலை. "இதுல நான் கையெழுத்து போட முடியாதும்மா. மேல எழுதித்தான் அனுப்பணும். வெளிய போங்க"ன்னு அடுத்த பையனைக் கூப்ட்டாரு.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா கேட்டாளே ஒரு கேள்வி! "இன்னாமே, கையெழுத்து போட்டுட்டாரா?"

நான் கோவக்காரி. இப்பவும்தான். ஆனா அன்னிக்கு வந்த கோவம் மாதிரி எனக்கு அப்புறம் வந்ததே இல்ல. நாலு பேரு பாக்கறாங்கன்னுகூட நெனைக்கல. "உன்னை யாரு இந்த உதாரெல்லாம் வுடச் சொன்னது? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே! நான் எப்ப ஊசி போட்டேன்? ஊசிய நான் கையால தொட்டிருக்கேனா? போச்சு, அல்லாம் போச்சு. நாளைக்கே ஷெட்டுக்கு வரேன், எனக்கும் ஒரு பலகை எடுத்து வை, பக்கத்துல குந்தி உரிக்கிறேன்"ன்னு கத்தினேன். கத்திகினே அழுதேன். காலேஜ் வாட்ச்மேன் வந்து எட்டிப் பாத்துட்டுப் போனான்.

அம்மாவுக்கு ஒண்ணும் பிரியல. நெசமாவே பிரியல, அதுதான் கொடுமை. "கத்துக்க வேண்டியது நெறைய கீதுன்னு சொன்னாரே, நீ கேக்கலையா? அப்டி சொன்னா இன்னா அர்த்தம்? வேணாம், போன்னுதானே?"ன்னா.

அப்பத்தான் எனக்கு உரைச்சிச்சு. எறா ஷெட்டு கேட்டுல காலையில பொம்பளைங்க கும்பலா நிப்பாங்க. மேஸ்திரி வந்து ஆள் எடுப்பான். புதுசா வந்தவள "வேல தெரியுமா?"ன்னு கேப்பான். தெரியாது, கத்துக்கறேன்னு சொன்னவள அவன் மறுபடி திரும்பிக்கூட பாக்க மாட்டான். அம்மா மொத நாளு அப்டித்தான் சொல்லிட்டு வெறுங்கையோட வூட்டுக்கு வந்தா. மறுநாளு போயி, "ரொம்ப வருசமா உரிக்கிறேன்"னு சொன்னா. உள்ள வுட்டுட்டான். அதுக்கு முன்னாடி கம்பெனி எறாவ அவ கையால தொட்டதே இல்ல. பக்கத்துல குந்தினவள ஓரக்கண்ணால பாத்துப் பாத்து, விரல்ல ரத்தம் ஊத்த ஊத்த ஒரே நாள்ல கத்துகினா. துறைமுகத்துலயும் அதே கததான், நைனாவக் கேட்டாலும் சொல்லுவாரு. எங்க பக்கத்து ஜனங்களுக்கு ஒரு கேட்டுக்கு முன்னாடி நின்னா வாய்லேர்ந்து வர்ற மொத வார்த்தையே "தெரியும்"தான். தெரியாதுன்னா அன்னிக்கு ஒல கொதிக்காது.

இதை வெச்சிகினு அவகிட்ட நான் எப்டி சொல்லுவேன்? தெரியாதவங்களையே உள்ள சேத்துகினு சொல்லிக் குடுக்கற எடமும் ஒண்ணு உலகத்துல கீதுன்னு அவளுக்கு எப்டி பிரிய வைப்பேன்? ஆபீஸ் ஜன்னலாண்ட வரிசை கொறைஞ்சிகினே வந்துச்சு. 

"யம்மா, உன் காலைப் புடிச்சிக்கறேன். இது கம்பெனி கேட்டு இல்லம்மா. இங்க தெரியாதுன்னு சொன்னாதான் காரியம் ஆவும். உள்ள போயி, என் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்லும்மா."

"உன்ன ஒண்ணும் தெரியாதவன்னு என் வாயால சொல்லணுமா?"

"சொல்லும்மா."

"சொன்னா அவரு தொரத்திடுவாரு."

"ஏற்கெனவே தொரத்தியாச்சும்மா!"

அவ முந்தானைய எடுத்து மொகத்தத் தொடைச்சிகினா. அப்புறம் என்னைக்கூடக் கூப்பிடாம, விடுவிடுன்னு உள்ள பூந்துட்டா. நான் பின்னாடியே ஓடினேன்.

சாரு கடைசிப் பையனை அனுப்பிட்டு காயிதத்தையெல்லாம் அடுக்கிகினு இருந்தாரு. அம்மா இந்தத் தபா உக்காரல. "சார், நான் சொன்னது அத்தனையும் பொய். அவளுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னா. சொல்றப்போ அவ ஒடம்பே கூசிச்சு, எனக்கு நல்லாத் தெரிஞ்சிச்சு.

சாரு நிமிர்ந்து பாத்தாரு. "இப்ப பயந்து மாத்திப் பேசறீங்க. அப்ப சொன்னது நிஜமா, இப்ப சொல்றது நிஜமா? நான் எதை நம்பறதும்மா?"

நியாயமான கேள்விதானே.  அவ்ளோதான், ஷெட்டுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

அம்மா மேசை விளிம்பப் புடிச்சிகினா. "சார், போன மழைக்கு என் கடைசிப் புள்ளைக்கு வாந்திபேதி கண்டுச்சு. இவளோட தம்பி. மூணு வயசு. இவ வூட்லதான் இருந்தா சார். புத்தகத்தக் கையில வெச்சிகினு என் பக்கத்துலயேதான் நின்னா. நானு, ஏய், மருந்து படிக்கிறியே, எதுனா கலக்கிக் குடுமேன்னு கதறினேன். இவ முழிச்சிகினு நின்னா. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடறதுக்குள்ள வழியிலயே என் கையில புள்ள பூடுச்சு. இவளுக்கு மருந்து குடுக்கத் தெரிஞ்சிருந்தா நான் என் புள்ளைய ஏன் சார் கல்லறையில கொண்டுபோய் வெக்கிறேன்?"

  தம்பி போனதுக்கப்புறம் எங்க வூட்ல அந்த நாளைப் பத்தி யாரும் வாயத் தெறந்ததே இல்ல. அம்மா அழுததுகூட இல்ல, மறுவாரமே ஷெட்டுக்குப் பூட்டா. இப்ப யாரோ ஒரு மனுசன் மேசைக்கு முன்னாடி, ஒரு கையெழுத்துக்காக, அத்தனையும் எடுத்துக் கொட்டறா. கொட்ட வெச்சது நானு.

சாரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு, மாட்டிகினாரு. பேனாவ எடுத்துக் கையெழுத்து போட்டாரு. பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரின்ற எடத்துல கொழந்தைங்க ஆஸ்பத்திரின்னு எழுதினாரு. என்னைக் கேக்கவே இல்ல. காயிதத்த என்கிட்ட நீட்டறப்போ, "சீக்கிரம் போம்மா, ஜன்னல் மூடிடுவாங்க"ன்னு மட்டும் சொன்னாரு. நான் ஓடினேன். குமாஸ்தா மொணகிகினேதான் வாங்கினாரு, ஆனா வாங்கிகினாரு. பேர் பதிஞ்சாச்சு.

பஸ் ஸ்டாப்புல கும்பல் ஜாஸ்தி. எனக்கு சந்தோசப்படவும் தெரியல, அழவும் தெரியல. அம்மாகிட்ட எதுனா சொல்லணும்னு தோணுது. கத்தினதுக்கு மன்னிச்சிக்கோன்னு சொல்லலாமா, காப்பி குடிக்கிறியான்னு கேக்கலாமான்னு நெனைச்சிகினு நின்னேன். அவதான் பேசினா. என் மூஞ்சியப் பாக்கல, ரோட்டையே பாத்துகினு இருந்தா.

"ஏமே."

"இன்னாம்மா?"

"அன்னிக்கு நெசமாவே உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

 போன மழையிலேர்ந்து இந்தக் கேள்விய மனசுல வெச்சிகினேதான் அவ எனக்கு சோறு போட்டிருக்கா, தலை பின்னி வுட்டிருக்கா, காலேஜுக்கு அனுப்பியிருக்கா. ஒரு நாள்கூட கேட்டதில்ல.

"தெரியாதும்மா. மாதா மேல சத்தியமா, எனக்கு ஒண்ணுமே தெரியாது."

"சரி"ன்னா. பஸ் வந்துச்சு, ஏறிட்டோம். அவ நம்பினாளா இல்லையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. தெரியாதுன்னு சொன்னாதான் காரியம் ஆவும்னு கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி நான்தானே அவளுக்கு சொல்லிக் குடுத்தேன்.